மலை தெரிகிற ஜன்னல்: அடிவாரத்து அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சிறிய பராமரிப்பு இல்லம் ஒன்று இருக்கிறது. 12 கட்டில்கள். இனிக் குணமாகாது என்று பெரிய மருத்துவமனைகளில் சொல்லி அனுப்பிய புற்றுநோயாளிகள்தான் பெரும்பாலும் இங்கே வருகிறார்கள். வலி அடங்க மார்ஃபின், புண்ணுக்குத் தினமும் கட்டு, வேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் ஓர் ஆள். அந்த ஆள் வீட்டிலிருந்து வந்து தங்க வேண்டும் என்பது இல்லத்தின் விதி. மனைவி, மகள், தம்பி, சில நேரம் வயதான தாய். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். சிலர் நாலு நாள், சிலர் நாற்பது நாள்.

இல்லத்தை நடத்தும் அம்மா ஓய்வுபெற்ற செவிலியர். சேலத்தில் சிறு வீடுகள் கட்டித் தரும் கட்டடக் கலைஞனான என்னை அவர் அழைத்துப் பேசியபோது கட்டடத்தில் ஆரம்பிக்கவில்லை. தண்ணீரில் ஆரம்பித்தார். "தண்ணி ரொம்பச் செலவாகுது தம்பி. பாத்ரூமுக்குள்ள போயி, குழாயத் தெறந்து விட்டுட்டு அழறாங்க. கட்டில்ல இருக்கறவங்க காதுல விழக் கூடாதுன்னு. மோட்டார் நாளைக்கு ரெண்டு தடவை கூடப் போட வேண்டியிருக்கு." அழுவதற்கும், அழாமல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்றார். எல்லா மதத்தாரும் வருவதால் படம், சிலை எதுவும் கூடாது. தாயை இங்கே கடைசிவரை வைத்திருந்த ஒரு குடும்பம் அவர் நினைவாக ஆறு லட்சம் ரூபாய் கொடுத்திருந்தது.

மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் இப்படி அமைதி அறை கட்டித் தரச் சொல்லி இப்போது பலர் கேட்கிறார்கள். நாங்கள் தப்பாகக் கட்டி, பிறகு இடித்துத் திருத்திய கதை அவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இடம்

வார்டுக்குப் பின்னால் நாற்பதடி தள்ளி, ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். வடக்கே சேர்வராயன் மலை நேரே எழுந்து நிற்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. அந்த ஏற்றம் முழுவதும் இங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். மழை வருவதற்கு முன்னால் மேகம் முதலில் மலை விளிம்பில் வந்து உட்காரும். இரவில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் திரும்பித் திரும்பி ஏறும் வண்டிகளின் விளக்கு மரங்களுக்கிடையே மறைந்து மறைந்து தெரியும்.

அந்த மலைக்கு முதுகைக் காட்டித்தான் முதல் வடிவத்தை வரைந்தேன்.

முதல் வடிவமும் அதற்கான காரணங்களும்

அப்போது என் மனதில் இருந்தவை உலகம் அறிந்த சில தியானக் கட்டடங்கள். பாரிசில் யுனெஸ்கோ வளாகத்தில் தடாவோ ஆண்டோ 1995இல் கட்டிய கான்கிரீட் உருளை. அதன் தரையில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்கு ஆளான கிரானைட் பதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பீட்டர் சூம்தோர் 2007இல் முடித்த வயல்வெளிச் சிற்றாலயம். 112 மரத்தண்டுகளைக் கூடாரம்போல் நட்டு, சுற்றிலும் கான்கிரீட் போட்டு, அப்புறம் உள்ளே இருந்த மரத்தைக் கனல விட்டு எரித்து, கரிந்த சுவரும் மேலே வானமும் மட்டும் மிஞ்சும்படி செய்தது. நம் பக்கத்தில் ஆரோவில் மாத்ரிமந்திர். மேலிருந்து ஒரே ஒரு சூரியக்கதிர் நடுவில் இருக்கும் கண்ணாடிக் கோளத்தில் விழும்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: வெளியுலகைத் துண்டித்தால் மனம் உள்ளே திரும்பும். அதனால் அறையை வட்டமாக வைத்தேன். உள்விட்டம் பத்தடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே செங்கல் டோம், அதன் உச்சியில் இரண்டடிக் கண்ணாடி. ஜன்னல் கிடையாது. வாசலுக்கு நேராக உள்ளே போய்விடக் கூடாது என்று அறையைச் சுற்றி ஒரு வளைசுவர் எழுப்பி, மூன்றடி அகலச் சந்து விட்டேன். இரண்டு திருப்பம் திரும்பி, ஐந்தேகால் அடி உயர வாசலில் குனிந்து நுழைய வேண்டும். சந்தில் நடக்க நடக்க வார்டுச் சத்தம் அடங்கி, வெளிச்சம் குறைந்து, உள்ளே போனதும் மேலிருந்து மட்டும் ஒளி இறங்கும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. சேலம் ஏறக்குறைய 11.65 பாகை வடக்கில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நம் கடிகாரத்தில் அது பன்னிரண்டேகால் சுமாருக்கு. அந்த நாட்களில் உச்சிக் கண்ணாடி வழியாக ஒளிவட்டம் அறை நடுவில் இருக்கும் கல் இருக்கையில் அப்படியே இறங்கும். வரைபடத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நன்கொடை கொடுத்த குடும்பத்துக்கும் அது பிடித்துப்போனது.

துணைக்கு இருப்பவர்கள் யாரிடமும் நான் அப்போது பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

கட்டியபோது

சிமென்ட் தவிர்த்துச் சுண்ணாம்பில் கட்டினோம். மேஸ்திரி அறுபது வயதைத் தாண்டியவர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்புக் காரை குழைப்பதை அவர் மாமனாரிடம் கற்றவர். உள்பூச்சை மூன்று கை பூசி, கடைசிக் கையைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முட்டை ஓடுபோல வழவழப்பாக்கினார். இன்றும் அந்தச் சுவரைத் தொட்டால் கை குளிரும்.

சாரம் பிரித்த அன்று அவர் உள்ளே நின்று சித்தாளைக் கூப்பிட்டார். குரல் சுற்றி வந்தது. "சார், கெணத்துக்குள்ள நிக்கற மாதிரி கேக்குதுங்க" என்றார். கோயில் கருவறையில் நிற்பதுபோல் இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் பதில் பேசவில்லை. நாற்பது வருடம் சுவர் எழுப்பியவர் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தினால், மேலே கேட்டிருக்க வேண்டும்.

திறந்த பிறகு கண்டவை

ஜனவரியில் திறந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். உள்ளே போய் நின்று, மேலே பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். துணைக்கு இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறை போனார்கள். பெரும்பாலோர் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாவது முறை போனவர்கள் மிகக் குறைவு. பாத்ரூம் குழாய் பழையபடி ஓடியது.

ஏப்ரலில் நான் எதிர்பார்த்த ஒளிவட்டம் சொன்ன நேரத்துக்கு இருக்கையில் இறங்கியது. அந்தக் கல்லில் உட்கார முடியவில்லை. மூன்று மணிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தோம், உள்ளே 38 டிகிரி. சூடான காற்று டோமுக்குள் ஏறி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றது. சுவர் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் திருப்பிக் கொடுத்தது.

வெப்பம் மட்டும் காரணமில்லை என்று அம்மா சொன்னார். ஜனவரிக் குளிரிலும் யாரும் போகவில்லையே. எனவே மே மாதம் நான் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். வாரத்தில் மூன்று நாள், மாலையில், வார்டுத் தாழ்வாரத்தில். கேள்வி எதுவும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். யாராவது பேசினால் கேட்டுக்கொள்வது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கறை. வளைசுவரின் வெளிப்பக்கம், வடக்கில், ஒன்றரையடி அகலத்துக்கு அடிப்பீடம் நீட்டிக்கொண்டிருந்தது. மழைச்சாரல் அடிக்காமல் இருக்க விட்டது. அதற்கு மேல் இரண்டரையடி உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பில், தேங்காயெண்ணெய்க் கறை வரிசையாக இருந்தது. நாலைந்து வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று படிந்து பழுப்பேறியிருந்தன. தலை சாய்த்த இடங்கள். உள்ளே போய் டார்ச் அடித்துச் சுவர் முழுக்கத் தேடினேன். ஒரு கறைகூட இல்லை. மூன்று மாதமாக மக்கள் அந்தக் கட்டடத்தின் வெளியே உட்கார்ந்து, அதில் சாய்ந்துகொண்டு, மலையைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் பேச்சு வந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கணவருக்குத் துணையாக இருந்தவர், தானாகவே சொன்னார்: "உள்ள போயி அழுதேனுங்க. நாம் அழறது நமக்கே திரும்பக் கேக்குது. பக்கத்துல வேற யாரோ அழற மாதிரி. பயந்து வந்துட்டேன்." இளம்பெண் ஒருவர், ஆறு மணிக்கு மேல் அந்தச் சந்துக்குள் போகவே மாட்டேன் என்றார். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று கடைசித் திருப்பம் வரை தெரியாது. செருப்பைக்கூடச் சந்துக்குள்ளே விடுவதால் வெளியிலிருந்து அடையாளம் ஏதும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பலர் சொன்னது இன்னொன்று: உள்ளே இருக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சிஸ்டர் கூப்பிடுவது கேட்காதே.

வார்டுச் சத்தத்தைத் துண்டித்ததை நான் சாதனையாக நினைத்திருந்தேன். அவர்களைப் பொறுத்தவரை அந்தச் சத்தம்தான் உயிர் இருப்பதற்கான அறிகுறி.

மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன். கறைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி சொன்னார்: "மேல சேர்வராயன் கோயில்ல குகைக்குள்ள குனிஞ்சுதான் போறோம். இருட்டுதான். ஆனா திரும்பிப் பாத்தா வாசல் தெரியுதுங்க. வாசல் தெரிஞ்சா இருட்டுல பயமில்ல."

அவர் சொன்னதை வைத்துத்தான் மற்றதையும் மறுபடி யோசித்தேன். புதுக்கோட்டை சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டம் என்ற இயற்கைக் குகையில் சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. உலகைத் துறந்தவர்கள் தங்கிய இடம். அந்தக் குகைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் திறந்த வெளி. படுத்தபடியே கீழே சமவெளி முழுவதையும் பார்க்கலாம். ஜே ஆப்பிள்டன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1975இல் இதையே வேறு விதமாக எழுதினார்: முதுகு பத்திரமாக, எதிரே பார்வை விரிய, தான் அதிகம் தெரியாமல் பிறரைப் பார்க்க முடிகிற இடத்தில்தான் மனிதனுக்கு நிம்மதி. நம் திண்ணையும் அப்படித்தான். பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் போகிறவர்கள் நேரம் ஒதுக்கி, தேடிப் போகிறார்கள். இங்கே வருகிறவருக்குக் கிடைப்பது நோயாளி தூங்கும் பத்து நிமிடம்.

எடுத்த முடிவுகள்

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அம்மா ஒப்பவில்லை, பணமும் இல்லை. இருப்பதைத் திறப்பது என்று முடிவு செய்தோம். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் ஆனது.

வளைசுவரை மூன்றடி உயரத்துக்குக் கீழே இறக்கினோம். சுண்ணாம்புக் காரை என்பதால் செங்கல் முழுசு முழுசாகப் பிரிந்து வந்தது. சிமென்ட்டாக இருந்தால் பாதி உடைந்திருக்கும். அந்தக் கல்லிலேயே வடக்கிலும் கிழக்கிலும் திண்ணையை இரண்டடி அகலமாக்கினோம். சந்து போய்விட்டது. வாசலை ஏழடி உயரம், மூன்றரையடி அகலம் ஆக்கினோம். தூங்காமல் முட்டி வலியோடு வருகிறவரைக் குனியவைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அரைக்கதவு போட்டோம், மேல்பாதி எப்போதும் திறந்திருக்கும்.

வடக்குச் சுவரில் நாலடிக்கு மூன்றரையடி ஜன்னல். வட்டச் சுவரைப் பாதிப் பாதியாக வெட்டி, முதலில் சுவரின் வெளிப்பாதியில், மேலே உள்ள சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டமான லின்டல் வைத்து, அது இறுகியதும் உள்பாதியை வெட்டினார் மேஸ்திரி. தரையில் உட்கார்ந்தாலும் மலை தெரியட்டும் என்று அடிமட்டத்தை இரண்டடியில் நிறுத்தினோம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் இங்கே வடக்கே சாய்ந்திருக்கும். ஆனால் ஜூனிலும் அது 78 பாகை உயரத்தில் நிற்பதால் ஓரடி சன்ஷேடே அதை மறைக்கப் போதும்.

உச்சிக் கண்ணாடியை எடுத்தோம். அந்தத் துளைக்கு மேல் முக்காலடி இடைவெளி விட்டு ஓட்டுத் தொப்பி ஒன்று வைத்தோம், சுற்றிலும் வலை. ஜன்னல் வழியாக வருகிற காற்று சூட்டைத் தள்ளிக்கொண்டு அதன் வழியே வெளியேறுகிறது. நான் ஆசைப்பட்ட ஒளிவட்டம் அதோடு போயிற்று.

எதிரொலிக்குத்தான் அதிகம் யோசித்தேன். ஹார்வர்டு இயற்பியலாளர் வாலஸ் சேபின் நூறாண்டுக்கு முன்பே தந்த எளிய கணக்கு இருக்கிறது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஓசை அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று வரும். எங்கள் அறை சுமார் 23 கன மீட்டர். தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் விழுங்கும். மொத்தப் பரப்பு 45 சதுர மீட்டர் என்றால் உறிஞ்சும் பரப்பு 1.35 சதுர மீட்டர்தான். விடை இரண்டே முக்கால் வினாடி. படுக்கையறை ஒன்றில் அது அரை வினாடியை ஒட்டியே இருக்கும். போதாததற்கு, வட்டச் சுவரும் டோமும் ஒலியைக் குவித்து நடுவில் இருந்த கல் இருக்கைக்கே திருப்பி அனுப்பின. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகும். கட்டுவதற்கு முன் நான் போடவில்லை.

டோமுக்குக் கீழே மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் தேங்காய் நார்ப் பாளம் பரப்பினோம், நடுவில் காற்றுக்கு வழிவிட்டு. தரையில் நார்விரிப்பு, அதன்மேல் கோரைப்பாய், சுவரோரம் இலவம்பஞ்சுத் திண்டு. திறந்த ஜன்னல் தன் வழியே போகும் ஒலியை ஒரு துளியும் திருப்பித் தராது. அதனால்தான் சேபின் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அரை வினாடி அளவுக்கு இறங்குகிறது. கல் இருக்கையை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் போட்டோம்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். வார்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் செருப்பு விட ஒரு கல். ஒரு ஜோடி கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. அறைக்குள் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மாடம், அதில் ஐந்து வாட் பல்பு. அதன் சுவிட்ச் சிஸ்டரின் மேஜையில். பல்பு எரிந்தால் வார்டுக்கு வர வேண்டும், எரியாதவரை வார்டில் எல்லாம் சரி.

பின்னர் நடந்தவை

ஆகஸ்ட் முடிவில் வேலை முடிந்தது. திறப்பு விழா வைக்கவில்லை. முதல் வாரத்திலேயே செருப்புக் கல் அதிக நேரம் காலியாக இல்லை என்று சிஸ்டர் சொன்னார். நான் போன ஒரு மாலையில் ஒருவர் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தியானத்துக்கென்று வரைந்த அறையில் ஆழ்ந்த தூக்கம். சிஸ்டர் எழுப்பவில்லை. அவருடைய அம்மாவின் கட்டிலருகே தானே போய் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் நினைக்காத இன்னொன்று நடந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு நோயாளி, தன்னையும் அங்கே கொண்டுபோகச் சொன்னார். வாசல் மூன்றரையடி ஆகிவிட்டதால் சக்கரக் கட்டில் தட்டாமல் நுழைந்தது. ஜன்னலடி தாழ்வாக இருந்ததால் படுத்தபடியே மலை தெரிந்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மனைவி திண்டில் உட்கார்ந்தார். இருட்டியதும் வண்டி விளக்குகள் ஏற ஆரம்பித்தன. ஒவ்வொரு வெளிச்சமும் எந்த வளைவில் திரும்புகிறது என்று அவர் விரலால் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்தாவது வளைவுக்கு மேல் மனைவியும் சேர்ந்துகொண்டார். நான்கு மாலைகள் அப்படி வந்தார்கள்.

மாடத்துப் பல்பு இதுவரை பல முறை எரிந்திருக்கிறது. ஒரு முறை வயரை அணில் கடித்து எரியாமல் போனது. நல்ல வேளையாக அன்று அவசரம் ஏதுமில்லை. அதிலிருந்து தினமும் காலையில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறார்கள்.

மழைக்காலத்தில் தொப்பிக்கு அடியில் சாரல் புகுந்து மூங்கில் தட்டியில் பூஞ்சணம் பிடித்தது. தொப்பி விளிம்பை அரையடி நீட்டிய பிறகு நின்றது. ஜனவரியில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், திண்டுக்கு மேலே, உள்ளேயும் எண்ணெய்க் கறை தெரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த இடத்தை விட்டுவிடும்படி அம்மா சொல்லியிருக்கிறார்.

இனிச் செய்தால்

வரைவதற்கு முன் வார்டில் சில இரவுகள் உட்கார்ந்திருப்பேன். தொந்தரவு என்று நான் தயங்கியது தவறு. கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் அவர்களாகவே பேசினார்கள். வட்டத்தை விட்டுச் செவ்வகமாகப் போடுவேன். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் 'எலிப்பொறி' முறையில் சுவர் எழுப்பியிருந்தால் செங்கலில் நாலில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும், உள்ளே அடைபடும் காற்று வெயிலையும் ஓரளவு தடுத்திருக்கும். மேஸ்திரி உள்ளே நின்று குரல் கொடுத்தவுடன் வேலையை ஒரு நாள் நிறுத்தியிருப்பேன்.

நாற்பதடி தூரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பகலில் அது சரியாக இருக்கிறது. இரவு பத்துக்கு மேல், பாம்பு நடமாடும் அடிவாரத்தில், யாரும் அந்த மண்பாதையில் தனியாகப் போவதில்லை. அழுகை அதிகம் வருவதோ அந்த நேரத்தில்தான். இரவில் இப்போதும் பாத்ரூம் குழாய் ஓடுகிறது, மோட்டார் ஒரு தடவை கூடப் போட வேண்டியிருக்கிறது. தாழ்வாரத்தின் வடகோடியில், கட்டில்களிலிருந்து பத்துக் காலடி தூரத்துக்குள், ஒருவர் காலை நீட்டி உட்காரும் அளவுக்கு ஓர் ஒதுங்கிடம் வைக்க அளவெடுத்திருக்கிறோம். ஆறடிக்கு நாலடி. மூன்று பக்கம் நார்ப் பாளம் வைத்த சுவர், ஒரு பக்கம் மலை. இந்த முறை வரைபடத்தை முதலில் பார்த்தது இரவுப் பணி சிஸ்டர். திரைச்சீலையைத் தரையிலிருந்து ஓரடி தூக்கிவிடச் சொன்னார், உள்ளே இருப்பவரின் பாதம் தெரியட்டும் என்று.